ஒரு வினைச்சொல்லும் தொப்பூர் கணவாயும்

பாட்டிக்கு உடல்நலம் குன்றிவிட்டால் பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதும் பொறுப்பு பேரனைச் சேர்கிறது. நம் மாவட்டத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தவர்கள் அத்தகைய கடிதங்களில் அடிக்கடி கண்டு புன்முறுவல் பூக்கும் வாக்கியம் ஒன்றுண்டு: ‘மை கிராண்ட்மதர் இஸ் டேஞ்சரஸ்.’ பாட்டி உயிருக்குப் போராடுகிறார் என்பது பேரன் சொல்ல வந்தது. பாட்டி பொல்லாதவர், அருகில் நெருங்காதீர் என்பது அவன் எழுதியது.

பையனைக் குறை கூறுவதற்கில்லை. ‘ஆபத்தான நோய்’ என்கிறோம். ‘ஆபத்தான நிலையில் இருக்கிறார்’ என்றும் சொல்கிறோம். நம் நாவில் ‘ஆபத்தான’ என்னும் ஒரே சொல் அடிப்பவனுக்கும் அடிபடுபவனுக்கும் பொதுவாய் நின்று ஊழியம் செய்கிறது. ஆங்கிலமோ இருவரையும் வேறுவேறு இடத்தில் உட்கார வைக்கிறது. ஆபத்தை விளைப்பவன் ‘டேஞ்சரஸ்’. ஆபத்தில் சிக்கியவன் ‘இன் டேஞ்சர்’. பெயரடையில் தொடங்கும் இந்த வேற்றுமை வினைச்சொல்லுக்கு வரும்போது இன்னும் கூர்மையடைகிறது. அதைத்தான் இம்மாதம் வாசகர்களோடு சற்றே ஆராய விரும்புகிறோம். இலக்கணப் பாடம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டா. நம் வீடுகளைத் தொடும் செய்தி இதில் உள்ளது.

ஆலய வளாகத்தில் நடைபெறும் மாலை வகுப்பில் ஒருநாள், பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி கையில் குறிப்பேட்டுடன் நம்மிடம் வந்தாள். அவள் தந்தை லாரி ஓட்டுநர். வாரத்தில் பல இரவுகள் ஓசூர் வழியாய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு சேலத்திற்கும் அதற்கப்பாலும் செல்பவர். ‘ரிஸ்க்’, ‘என்டேஞ்சர்’, ‘இம்பெரில்’, ‘ஜெப்பர்டைஸ்’ என்னும் நான்கு வினைச்சொற்களுக்கும் அவள் குறிப்பேட்டில் ‘ஆபத்துக்கு உள்ளாக்கு’ என்று ஒரே பொருள் எழுதப்பட்டிருந்தது. “பொருள் ஒன்றே என்றால் சொல் எதற்கு நான்கு, ஐயா?” என்று கேட்டாள். தன் தந்தை இரவெல்லாம் வண்டி ஓட்டித் தம் உயிரை ‘என்டேஞ்சர்’ செய்கிறார் என்று அவள் அமைத்திருந்த வாக்கியத்தின் கீழ் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிட்டு ‘ரிஸ்க்’ என்று எழுதியிருந்தார்.

கேள்வி நியாயமானது. இம்பெரில் என்பதை விரைவில் முடித்துவிடலாம். அது ஏட்டுச் சொல், கவிதைகளிலும் தலையங்கங்களிலும் காணப்படுவது. ஜெப்பர்டைஸ் என்பது பழைய பிரெஞ்சு மொழியில் ‘சரிபாதியாகப் பிரிந்த ஆட்டம்’ என்னும் தொடரிலிருந்து வந்தது. வெற்றியோ தோல்வியோ யாருக்கென்று தெரியாத நிலையைக் குறித்த சொல் அது. வேலைவாய்ப்பு, பேச்சுவார்த்தை, தேர்வு முடிவு போன்றவை கெட்டுப்போகும்படி செய்வதற்கு அதைப் பயன்படுத்துவர். ஒரே குற்றத்திற்காக ஒருவரை இருமுறை வழக்குத் தொடுத்துத் தண்டிக்கலாகாது என்று நம் அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை வழக்கறிஞர்கள் ‘டபுள் ஜெப்பர்டி’ என்று குறிப்பிடுவது இச்சொல்லின் பெயர் வடிவத்தைக் கொண்டே.

நம் கவனத்திற்கு உரியவை மற்ற இரண்டும். ரிஸ்க் என்பது பணயம் வைக்கும் வினை. அதற்குப் பின்னால் மூவகைச் செயப்படுபொருள் வரலாம். பணயமாக வைக்கும் பொருளைச் சொல்லலாம்: உயிரை, சேமிப்பை, நற்பெயரை. நேரக்கூடிய கேட்டைச் சொல்லலாம்: காயத்தை, சிறையை, நட்டத்தை. துணிந்து செய்யும் செயலையும் சொல்லலாம்: இரவுப் பயணத்தை, ஆற்றைக் கடப்பதை. அடுத்து மற்றொரு வினை வருமானால் அது ‘இங்’ ஈறு பெற்று ‘ரிஸ்க் லூசிங்’ என வரவேண்டுமேயன்றி ‘ரிஸ்க் டு லூஸ்’ என வரலாகாது. தேர்வில் மதிப்பெண் குறையும் இடம் இது.

இச்சொல் இழிவானதன்று. புனித சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில், தமக்குப் பணிவிடை செய்ய வந்து சாவின் விளிம்புவரை சென்ற எப்பப்பிராதித்துவைப் பாராட்டுமிடத்தில் கையாளும் கிரேக்கச் சொல், உயிரைப் பணயமாக வைத்துத் துணிந்தமையைக் குறிப்பது என விவிலிய அறிஞர் விளக்குவர். உரோமையருக்கு எழுதுகையில், தமக்காகக் கழுத்தையே கொடுக்க முன்வந்த பிரிஸ்கா, அக்கிலா தம்பதியரை நினைத்து நன்றி கூறுகிறார். பண்டைய அலெக்சாந்திரியாவில் நோயாளரைப் பேணும் பணியிலிருந்த சகோதரர்களுக்குப் ‘பரபோலானி’, அதாவது துணிந்து இறங்குபவர், என்று பெயர். அவர்கள் பெருகி நகரில் கலகத்திற்கும் காரணமானதால் 416-ஆம் ஆண்டில் அவர்கள் தொகை 500-ஐத் தாண்டலாகாது என்று பேரரசின் சட்டம் வரம்பு கட்டியதும், இரண்டாண்டில் அது 600 ஆகத் தளர்த்தப்பட்டதும் வேறு கதை. தம் உயிரைப் பணயம் வைக்கப் பழகியவர்க்குப் பிறர் உயிரின் கணக்கு சில வேளைகளில் மறந்துபோகிறது போலும்!

இதையெல்லாம் அம்மாணவிக்கு ஒருவாறு விளக்கி, “உன் தந்தை தமது உயிரை வைத்துப் பிழைக்கிறார், ஆகையால் ரிஸ்க் என்பதே பொருந்தும்” என்று முடித்தோம். அவள் முடிக்கவில்லை. “சாலையில் அப்பா மட்டுமா போகிறார், ஐயா? முன்னால் கார் போகிறதே. அதில் இருப்பவர்களுக்கு எந்தச் சொல்?”

அங்கேதான் என்டேஞ்சர் வருகிறது.

இவ்வினை பணயம் வைப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருவர், மற்றொருவரை அல்லது மற்றொன்றை, ஆபத்திற்குள் தள்ளுவதை மட்டுமே பேசுகிறது. ஆபத்திற்கு உள்ளாகும் பொருள்தான் இதன் செயப்படுபொருளாக நிற்கலாம். ‘ரிஸ்க் டெத்’ எனலாம்; ‘என்டேஞ்சர் டெத்’ எனல் ஆகாது. சாவை யாரும் ஆபத்திற்கு உள்ளாக்க முடியாதல்லவா? ‘டேஞ்சர்’ என்பதையே வினையாக்கி ‘இட் டேஞ்சர்ஸ் மை லைஃப்’ என்று எழுதுவதும் பிழை. முன்னால் ‘என்’ சேர்ந்தால்தான் அது வினையாகும். எழுவாய் மனிதராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் மிகுந்துள்ள ஃப்ளோரைடு சிறுவர்தம் பற்களையும் முதியோர்தம் எலும்புகளையும் ‘என்டேஞ்சர்’ செய்து வந்தது. அதை முன்னிட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. எழுவாய் எதுவாயினும் சரி, இருந்தாக வேண்டும். எது, எதனை? யார், யாரை? இவ்விரண்டையும் சொல்லாமல் இவ்வினையைச் செய்வினையில் எழுதவே இயலாது.

டேஞ்சர் என்னும் சொல்லின் பூர்வீகமும் அறியத்தக்கது. அது பழைய பிரெஞ்சு மொழி வழியாக, ‘ஆண்டவன், எசமானன்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் அதன் பொருள் ஆபத்து அன்று, அதிகாரம். ஒருவருடைய ‘டேஞ்சரில்’ இருப்பதென்றால், அவர் நினைத்தால் கெடுக்கவும் நினைத்தால் விடவும் கூடிய பிடியில் இருப்பது. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் நீதிமன்றக் காட்சியில் போர்ஷியா, கடன்பட்ட அந்தோனியோவை நோக்கி அவன் ஷைலாக்கின் பிடியில் இருக்கிறானா என்று வினவும்போது இச்சொல்லை அந்தப் பழம்பொருளிலேயே கையாள்கிறாள்.

இப்பழம்பொருள் நம்மூர்ச் சாலைக்கு எவ்வளவு பொருந்துகிறதென்று பாருங்கள். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியைக் கடந்து சேலம் நோக்கி இறங்குமிடம் தொப்பூர் கணவாய். இறக்கம் நீளமானது, வளைவுகள் உள்ளது, இரட்டைப் பாலம் என்ற பெயரைக் கேட்டாலே ஓட்டுநர்கள் முகம் மாறும். 2020 டிசம்பர் 12 அன்று, முன்னர் நேர்ந்த ஒரு விபத்தால் அங்கே வரிசையாய் நின்றுகொண்டிருந்த கார்களின் மீது பின்னால் இறங்கி வந்த கனரக லாரி மோதி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வண்டிகள் நொறுங்கின, நால்வர் மாண்டனர். 2024 ஜனவரி 24 அன்று மீண்டும் லாரி மோதல், இடையில் சிக்கிய கார், தீ. மீண்டும் நான்கு உயிர்கள். நின்றுகொண்டிருந்த கார்க்காரர் என்ன பிழை செய்தார்? மேலிருந்து வருகிறவருடைய பிடியில், அந்தப் பழைய பொருளிலான ‘டேஞ்சரில்’, அவர் இருந்தார், அவ்வளவே.

இத்தகைய விபத்துகளுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் காவல்துறையினரும் ஓட்டுநர்களும் ஒருசேரச் சொல்வது, இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடும் பழக்கம். கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து வேகத்தை அடக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி அறுந்துவிடுகிறது. முழுச் சுமையையும் பிரேக் ஒன்றே தாங்கவேண்டும். அடிக்கடி மிதிக்க மிதிக்க டிரம் பழுக்கச் சூடேறி, பிரேக் கட்டையின் பற்று தளர்ந்து, காலின் கீழ் மிதிபலகை இருந்தும் இல்லாததாகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டாலோ காற்று பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். தொட்டியில் எஞ்சிய காற்று தீரும்வரைதான் பிரேக். இத்தனையும் எதற்கு? இறக்கம் முழுவதற்குமான சில லிட்டர் டீசலுக்கு.

டீசல் மிச்சம் என்னும் ஆதாயத்திற்காக ஓட்டுநர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார்; அது ரிஸ்க். முன்னால் செல்லும் காரிலுள்ள குடும்பம் எந்த ஆட்டத்திலும் சேரவில்லை. அவர்களுக்கு மிச்சமாகும் டீசல் ஒரு துளியும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அதே செயல் என்டேஞ்சர். பிறருடைய உயிரையும் ‘ரிஸ்க்’ செய்வதாக ஆங்கிலத்தில் எழுதுவதுண்டு. ஆனால் அப்படி எழுதுமிடத்தில், தனக்கு உரிமையில்லாததைத் தனக்குரியதுபோல் பணயம் வைத்தான் என்னும் குற்றச்சாட்டு உள்ளே ஒளிந்திருக்கும்.

நாமோ இவ்வாறான வேளைகளில் எப்படிப் பேசுகிறோம்? ‘விபத்து நேர்ந்துவிட்டது.’ ‘ஆபத்து வந்துவிட்டது.’ ‘வாகனத்தில் கண்டம் என்று அப்போதே சோதிடர் சொன்னார்.’ நேர்தலும் வருதலும் தாமாக நடப்பவை. அங்கே செய்தவன் இல்லை. தமிழின் குறையன்று இது. ‘ஆபத்து விளைத்தான்’, ‘ஆபத்தில் ஆழ்த்தினான்’ என்று சொல்லத் தமிழில் வேண்டிய சொல் உண்டு. நம் வாய்தான் ‘வந்துவிட்டது’ என்பதை நாடுகிறது. கத்தோலிக்க இல்லங்களிலும் ‘கண்டம்’ புழங்குவதை நாம் செவியாரக் கேட்டிருக்கிறோம். சோதிடரை நாடாதவர்கூட ‘ஆண்டவர் சித்தம்’ என்று அதே வேலையை வேறு சொல்லால் முடித்துவிடுகிறார்கள்.

ஆங்கிலமும் ஒளிக்கத் தெரிந்த மொழியே. அதே வினையின் எச்ச வடிவமான ‘என்டேஞ்சர்ட்’ என்பதைப் பாருங்கள். ஆசிய யானை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ‘என்டேஞ்சர்ட்’ என்னும் வகுப்பில் இடம்பெற்றுள்ளது. ஆபத்திற்கு உள்ளாக்கப்பட்டது என்று பொருள். யாரால்? அந்தச் சொல் வாய் திறவாது. 2023 மார்ச்சில் நம் மாவட்டத்து மாரண்டஹள்ளி அருகே காளிக்கவுண்டன்கொட்டாய் என்னும் சிற்றூரில், விளைநிலத்தில் சட்டத்திற்குப் புறம்பாகப் பாய்ச்சப்பட்டிருந்த மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டு கிடந்தன. உடனிருந்த குட்டிகள் இரண்டு உயிர் தப்பின. வேலியிட்டவருக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். பயிரையும் சில வேளை உழவர் உயிரையும் யானைகள் ஆபத்துக்கு உள்ளாக்குவது மெய்யே. ஆனால் அவ்வேலிக் கம்பி, யானைக்கென்றும், இரவில் வரப்பில் நடக்கும் அண்டைவீட்டுக்காரருக்கென்றும் வேற்றுமை அறியாது. எழுவாய் மறைந்தால் இவை யாவும் சேர்ந்தே மறைந்துவிடுகின்றன.

மாணவியை அழைத்துச் செல்ல அன்று அவள் தந்தையே வந்திருந்தார். திண்ணையில் அமர்ந்து நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “அந்தச் சொல் சட்டத்தில் வருகிறதா, ஐயா?” என்று வினவினார். வருகிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279-ஆம் பிரிவு, மனித உயிரை ‘என்டேஞ்சர்’ செய்யும் வகையில் பொதுவழியில் முரட்டுத்தனமாகவோ கவனமின்றியோ வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள பாரதீய நியாய சன்ஹிதாவில் அது 281-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறர் உயிரையும் உடற்பாதுகாப்பையும் ஆபத்துக்கு உள்ளாக்கும் செயல்கள் பொதுவாக 125-ஆம் பிரிவில் அடங்கும். யாரும் அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஆபத்துக்கு உள்ளாக்கியதே போதும்.

பல ஆண்டுகளுக்கு முன் தம்மீது அந்த 279-இல் ஒரு வழக்கு இருந்ததென்றும், ‘ராஷ் டிரைவிங்’ என்று சொன்னார்கள், வேகமாகப் போனதற்காக என எண்ணி அபராதம் கட்டிவிட்டு வந்ததாகவும் அவர் கூறினார். “வேகத்துக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆளுக்கு என்று யாரும் சொல்லவில்லை.”

சட்டத்தில் மட்டுமன்று. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஐந்தாம் கட்டளையை விளக்கும் பகுதியில், 2290-ஆம் எண்ணில், குடிபோதையாலோ வேக மோகத்தாலோ சாலையிலும் கடலிலும் வானிலும் தம்முடைய பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோர் கனமான குற்றத்திற்கு ஆளாகின்றனர் என்று உரைக்கிறது. அதன் ஆங்கிலப் பதிப்பில் அவ்விடத்தில் நிற்கும் வினை இதே என்டேஞ்சர்தான். கொலை செய்யாதிருப்பாயாக என்னும் கட்டளையின் கீழ் ஸ்டியரிங்கும் வருமென்று நாம் மறைக்கல்வி வகுப்பில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? பாவசங்கீர்த்தனத்திற்கு முன் ஆன்ம சோதனை செய்கையில், நியூட்ரலில் இறங்கியதை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஓட்டுநர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னது நாம் எதிர்பாராதது. “ஐயா, நியூட்ரலில் விடுவது தப்பு என்று எனக்குத் தெரியும். வண்டி உரிமையாளர் இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார். கூடினால் என் பேட்டாவில் கழிப்பார். காலை ஆறு மணிக்குள் சரக்கு இறங்கவில்லை என்றால் அதற்கும் கழிப்பார். இடையில் நான்கு மணி நேரம் தூங்க வழியில்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றீர்களே. அந்த ஆள் நான் ஒருவன்தானா?”

இலக்கணப்படி இதற்கு விடை உண்டு. எழுவாய் பன்மையாகவும் வரலாம். ஆனால் அவர் கேட்டது இலக்கணமன்று. அக்கழிவுக் கணக்கை எழுதுகிறவரும் ஞாயிறு தோறும் ஏதேனும் ஓர் ஆலயத்திலோ கோவிலிலோ கைகூப்பி நிற்பவராகத்தான் இருப்பார். அவர் வண்டியில் ஏறவில்லை, பிரேக்கை மிதிக்கவில்லை. ஆகையால் தமக்கும் இறக்கத்திற்கும் தொடர்பில்லை என்று உறங்குகிறார். மறுநாள் காலை நாளிதழ் படிக்கையில் அவரும் ‘விபத்து நேர்ந்துவிட்டது’ என்றே சொல்வார். நீண்ட இறக்கத்தை அப்படியே விட்டு எச்சரிக்கைப் பலகையோடு நிற்பவர்கள், லாரி கூவிக்கொண்டு வரும்போது அதை முந்தப் பார்க்கும் கார்க்காரர், யாரையும் விட்டுவிடுவதற்கில்லை. ஆயினும் இதையெல்லாம் சொல்லி அந்த ஓட்டுநரை விடுவித்துவிட நமக்கு மனம் வரவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மாணவி குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். நான்கு சொற்களுக்கு எதிரே இருந்த ஒரே பொருளை அடித்துவிட்டுத் தனித்தனியே எழுதியிருந்தாள். என்டேஞ்சர் என்பதற்குக் கீழே மூன்று வாக்கியங்கள் இருந்தன. முதல் வாக்கியத்தில் அவள் தந்தை, முன்னால் செல்லும் கார்களை. இரண்டாவதில் லாரியின் உரிமையாளர், அவள் தந்தையை. இலக்கணம் பிழையற்றிருந்தது. மூன்றாவதைப் படித்தபோது சற்றே நின்றோம். அதன் எழுவாய் ‘ஐ’ என்றிருந்தது.

ஒவ்வோர் இரவும் பத்து மணிக்குப் படிப்பு முடித்து, “எங்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள், அப்பா?” என்று அவள் கைப்பேசியில் அழைப்பது வழக்கமாம். அவர் ஒரு கையால் எடுத்துப் பேசுவாராம். வண்டி அந்நேரத்தில் பெரும்பாலும் கணவாயில் இருக்குமாம்.

இப்போது அவள் அழைப்பதில்லை. ஓமலூர் தாண்டி வண்டியை ஓரங்கட்டியபின் அவரே அழைக்கிறார். சில நாள்களில் பதினொன்றரை ஆகிவிடுகிறது என்றும், அதுவரை தாயும் மகளும் விழித்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.